பார்த்துச் சொல்ல ஒரு ஆள்

விஜயராணி மீன் பிடிக்க ஒரு மோட்டார் போட்டு வாங்கப் போகிற விஷயம் பாயா ரும்புட் தாமான் குடியிருப்பில் யாருக்கும் தெரியாது. சொல்லிக்கொள்ளும்படி அவளுக்கு அங்கே யாரும் இல்லை. மகன் தினேஷ்வரனுக்கு மட்டும் சொன்னாள். அவன் மெல்பர்னில் இருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் கூப்பிடுவான். கேட்டுவிட்டு, யோகா வகுப்பு மாதிரி ஏதாவது போகலாமே அம்மா என்றான். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தாள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. பத்து பெரண்டாம் என்கிற ஊரின் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் சாமான் சோதிக்கும் பகுதியில் வேலை பார்த்தவள். விரல் நகத்தைவிடச் சின்னதான மின்சாமான்களைத் தட்டுத் தட்டாக அடுக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே ஒவ்வொன்றாக நகர்த்தி, கால் கோணியது, கீறல் விட்டது எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளிவிட்டு, மீதிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டிகூட லாரி ஏறாது. கடைசி வருஷங்களில் கண் எரிய ஆரம்பித்தது. கண் டாக்டரம்மா மலாய் மொழியில் சொன்னார்: பக்கத்திலேயே பார்த்துப் பார்த்துக் கண் களைத்துவிட்டது, தினமும் கொஞ்ச நேரம் தூரமாகப் பாருங்கள்.

வீட்டு வாசலில் நின்றால் எதிர்வீட்டு இரும்புக் கேட்டுதான் அவளுக்கு அகப்பட்ட தூரம். அந்த வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரில் இருந்தார்கள். கேட்டில் பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது. கணவன் காந்தன் கோவிட் காலத்தில் போனவர். சுடுகாட்டுக்கு நான்கு பேருக்குத்தான் அனுமதி கிடைத்தது. அந்த நான்கு பேரில் ஒருவரை யாரென்றே அவளுக்குத் தெரியாது. வேலையும் நின்ற பிறகு வீடு இன்னும் பெரிதாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாசார் சந்தையில் கங்கோங் கீரை எவ்வளவு என்று கேட்க வாயைத் திறந்தபோது குரல் வரவில்லை. தொண்டையைக் கனைத்துவிட்டு மறுபடி கேட்டாள். யோசித்துப் பார்த்தால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் யாரிடமும் பேசியிருக்கவில்லை.

டாக்டரம்மா சொன்ன தூரத்தைத் தேடித்தான் தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குப் போக ஆரம்பித்தாள். ஆனால் ஒரு பெண் தனியாக, சும்மா, கடலைப் பார்த்துக்கொண்டு அதிக நேரம் உட்கார முடிவதில்லை. யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்கிறார்கள். ஒருநாள் ஒரு போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து கேட்டார். மறுநாள் அவள் ஒரு தூண்டில் வாங்கினாள். கையில் தூண்டில் இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இரண்டு வருஷத்தில் அவளுக்கு மீன் பிடிக்க நன்றாகவே வந்துவிட்டது. கரையிலிருந்து, உம்பாயில் போட்டுகள் கட்டுகிற ஜெட்டிக்கு மாறினாள். ஜெட்டியிலிருந்து வாடகைப் போட்டில் மூன்று தடவை போனாள். அவளைத் தவிர ஐந்து ஆண்கள். அவள் ஏறியதும் அவர்கள் பேச்சு நின்றுபோனது. நிழலான இடத்தை அவளுக்குக் கொடுத்தார்கள். கேட்காமலே அவள் முள்ளில் இறாலைக் கோத்துக் கொடுத்தார்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. பத்திரமாக ஏற்றி இறக்க வேண்டிய மூட்டை மாதிரி அவள் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது தடவை திரும்பி வரும்போதுதான் சொந்தப் போட்டு என்ற எண்ணம் வந்தது. ஒரு பயிற்சியில் சேர்ந்து இரண்டு வாரக் கடைசிகள் போட்டு ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

பாச்சாங்கில் துணிக்கடை வைத்திருக்கும் ஜமாலுதீன் பாயிடம் ஒரு பழைய போட்டு விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டாள். காந்தன் இருந்த காலத்தில் தீபாவளிக்கு அவர் கடையில்தான் வேட்டி எடுப்பார்கள். போட்டு அவர் மகன் ஹாபிஸ் வாங்கியது. வேலை மாறிக் கோலாலம்பூர் போய்விட்டான். விடுமுறைக்கு வந்தால் எடுப்பதோடு சரி. உம்பாயில் ஒரு கொட்டகையில் நின்றது. பதினெட்டு அடி ஃபைபர் போட்டு. வெள்ளை உடம்பில் நீலக் கோடு, பின்னால் ஒரு இன்ஜின், நடுவில் சின்னக் கூரை. பெயிண்ட் புதிதாக மின்னியது. விஜயராணிக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. அந்தப் பிடித்துப்போனதைக் கண்டு அவளுக்கே பயமாகவும் இருந்தது. தொழிற்சாலையில் புதிதாக வருகிற பெண்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்: பளபளப்பாக இருக்கிற தட்டை இரண்டு தடவை பார்.

வேறு யாரையாவது வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் பாய் என்று தயங்கிக்கொண்டே சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தங்கை மகன் ரஷீத் மெக்கானிக், அவன்தான் இத்தனை வருஷமும் இந்தப் போட்டைப் பார்த்துக்கொள்கிறான், அவனையே கேளுங்கள் தங்கச்சி என்று நம்பர் கொடுத்தார்.

ரஷீத் போனிலேயே சிரித்தான். தன் கையால் சர்வீஸ் செய்கிற போட்டைத் தன்னைவிட யார் அறிவார் என்றான். அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் அவள் வேலை பார்த்த இடத்தில் செய்கிறவர் ஒருவர், சோதிக்கிறவர் ஒருவர். இரண்டு பேருக்கும் வேறு வேறு வாசல், வேறு வேறு சாப்பாட்டு நேரம். அந்த ஏற்பாட்டுக்குக் காரணம் இருந்தது. போனை வைப்பதற்கு முன் அவனிடம் ஒரு கேள்வி கேட்டாள். சரியாகப் பார்க்காமல் எதற்காவது எப்போதாவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா?

"சான்ஸே இல்ல ஆண்டி," என்றான்.

அடுத்து கணேஸ்வரன் என்பவரைப் போய்ப் பார்த்தாள். போட்டுகளைச் சோதித்து ரிப்போர்ட் தருவதாகப் பேஸ்புக்கில் விளம்பரம் செய்கிறவர். கடைவீட்டு மாடியில் குளிர்சாதனம் போட்ட அலுவலகம். பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துக் காட்டினார். வழவழப்பான தாள், கலர்ப் படம், வட்ட முத்திரை. போட்டை நேரில் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை, நாலு பக்கமும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், மறுநாளே ரிப்போர்ட் வந்துவிடும் என்றார். அவள் ஒவ்வொரு ரிப்போர்ட்டாகப் புரட்டினாள். தேறாத போட்டு ஒன்றுகூட அதில் இல்லை. அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். இருபது வருஷத்தில் ஒரு புகார் வந்ததில்லை என்றார் அவர். அவள் கேட்டது அதுவல்ல. இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அந்தக் கேள்வி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதக் கடைசி. லாரி வாசலில் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு நிற்கிறது. நாற்பது தட்டுகள் அவள் மேசைக்கு வந்தபோது சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். மிரட்டவெல்லாம் இல்லை. ராணி, நீங்க ஒரு பார்வை பார்த்தா போதும், உங்க கண்ணு எனக்குத் தெரியாதா என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் ஆறு தட்டுகளைப் பார்த்தாள். நாற்பதுக்கும் கையெழுத்துப் போட்டாள். அந்தச் சாமான் காருக்குப் போகிறது, பிரேக்குக்குப் பக்கத்தில் எங்கோ உட்காருகிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். எந்த நாட்டில், எந்தக் காரில் என்று தெரியாது. புகார் எதுவும் வரவில்லை. வந்திருந்தால்கூட நல்லது என்று பல நாள் நினைத்திருக்கிறாள். எது எங்கே என்ன செய்ததோ என்று தெரியாமலே இருப்பது பெரிய தண்டனையாக இருந்தது. காந்தனிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை.

போட்டு பார்த்துச் சொல்கிற இன்னொருவர் சின்னத்தம்பி; அவர் பெயரை யாரும் அவளுக்குப் பரிந்துரைக்கவில்லை. எச்சரித்தார்கள். ஜெட்டிக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மலாய்க்கார மக்சிக் அம்மாவிடம் அவள் விசாரித்தபோது, யாரை வேண்டுமானாலும் கூப்பிடு, அந்தச் சின்னத்தம்பியை மட்டும் கூப்பிடாதே, அவன் தொட்டால் எல்லாப் போட்டும் செத்துப்போகும் என்றார் அந்தம்மா. பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். சிரிப்பு சட்டென்று நின்றும் போனது. அவருடைய நம்பர் யாரிடமும் இல்லை என்றார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து பால் விடாத தே ஓ ஒன்று குடித்து முடித்த பிறகு, ஒரு கிழவர் எழுந்து போகிற போக்கில், டுயோங்கில் தண்ணீர்த் தொட்டி ஒட்டுகிற பட்டறை என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

பட்டறை என்றால் நான்கு கம்பமும் ஒரு தகரக் கூரையும். ஃபைபர் தூள் எங்கும் வெள்ளையாகப் படிந்திருந்தது. சின்னத்தம்பிக்கு ஐம்பது, ஐம்பத்திரண்டு இருக்கும். ஒல்லியான உடம்பு, புருவமெல்லாம் தூள். ஒரு கறுப்புத் தொட்டியின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது, அதைத் துடைத்து அவளுக்குப் போட்டார். அவள் போட்டைப் பற்றிச் சொன்னாள். நீளம், இன்ஜின், எத்தனை வருஷம், வெயிலில் நின்றதா நிழலில் நின்றதா என்று கேட்டுக்கொண்டார். நேரில் பார்க்காமல் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றார். பிறகு அவள் தன் கேள்வியைக் கேட்டாள்.

சின்னத்தம்பி தேய்ப்பதை நிறுத்தினார். கையிலிருந்த உப்புத்தாளை மடித்து வைத்தார். துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"போட்டிருக்கேன்க்கா," என்றார். "ஒரே தடவை."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால். கூட்டாளி ஒருவர், பரமேஸ்வரன் என்று பெயர். பழைய போட்டு ஒன்று வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை எடுக்க வேண்டும், நீ ஒருமுறை பார்த்துச் சொல்லிவிடு என்று சனிக்கிழமை வந்து நின்றார். இன்ஜினைத் தாங்குகிற பின்பலகையைத் திறந்து பார்க்க வேண்டுமென்றால் பாதி நாள் ஆகும். மேலாகத் தட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் சின்னத்தம்பி. புலாவ் பெசார் தீவைத் தாண்டியதும் அலையில் பின்பலகை பிளந்து இன்ஜின் கடலுக்குள் போயிருக்கிறது. பின்னாடியே தண்ணீர் ஏறிப் போட்டு கவிழ்ந்தது. மூன்று பேரில் இரண்டு பேரைக் காப்பாற்றினார்கள். பரமேஸ்வரன் கிடைக்க மூன்று நாள் ஆயிற்று.

"ஜெட்டில யாரும் என்கூட உக்காந்து தேத்தண்ணி குடிக்க மாட்டாங்க. அவங்க மேல தப்பு இல்லலா," என்றார்.

விஜயராணி தன்னையறியாமல் பேச ஆரம்பித்தாள். லாரி, மாதக் கடைசி, சூப்பர்வைசரின் சிரிப்பு எல்லாவற்றையும் சொன்னாள். சின்னத்தம்பி குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எத்தனை தட்டு பாத்தீங்க?"

"நாப்பதுல ஆறு."

அவர் தலையை ஆட்டினார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. உங்கள் மேல் தப்பில்லை என்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை எட்டு மணி, போட்டுக்குச் சொந்தக்காரர் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

காரில் ஏறி வீட்டுக்குக் கிளம்பினாள். வழியெல்லாம் மனசு என்னவோ லேசாக இருந்தது. போட்டைப் பார்க்க ஒரு ஆள் கிடைத்ததைவிட, பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்ற நினைப்புதான் அதற்குக் காரணம். வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்கு ஆகிற மாதிரி சாம்பார் வைத்துவிட்டாள். பிறகு அதை மூன்று வேளை தனியாகச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை ஜமாலுதீன் பாய் தொப்பியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக வந்திருந்தார். பைக்கில் வந்து இறங்கிய ஆளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. விஜயராணியைப் பக்கத்தில் கூப்பிட்டுப் பேசுவார் என்று அவள் நினைத்தாள். அவர் நேராகவே சொன்னார்.

"ஒரு ஆளைக் கடலுக்குக் குடுத்தவனைக் கூட்டிட்டு வந்து என் போட்டைப் பாக்கச் சொல்றீங்களா தங்கச்சி?"

சின்னத்தம்பி பையைக் கீழே வைத்தார்.

"ஆமா பாய்," என்றார். "குடுத்தவன்தான். இன்னிக்குப் பின்பலகையைத் திறந்து பாக்காம போகமாட்டேன்."

சின்னத்தம்பி போட்டைச் சுற்றி இரண்டு முறை சும்மா நடந்தார். பிறகு பிளாஸ்டிக் தலை போட்ட சின்னச் சுத்தியலை எடுத்து முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தட்டு. டக், டக் என்று காய்ந்த தேங்காய் மாதிரி சத்தம். விஜயராணி கூடவே நடந்தாள். முப்பத்தோரு வருஷம் கண்ணால் செய்ததை இந்த மனுஷன் காதால் செய்கிறார் என்று தோன்றியது. பின்பக்கம் வந்ததும் சத்தம் மாறியது. ஈரச் சாக்கைத் தட்டுகிற மாதிரி தொப்பென்றது. அவருக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவர் எல்லா இடத்தையும் தட்டி முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

இன்ஜினை மேலே தூக்கி, அதன் காலைப் பிடித்து மெல்ல அழுத்தி விட்டார். புதுப் பெயிண்டுக்கு நடுவில் மயிர்க்கோடாக ஒரு விரிசல் வாயைத் திறந்து மூடியது. அடியில் இருந்த ஒரு போல்ட்டைக் கழற்றினார். ஓட்டையிலிருந்து தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. சொட்டிக்கொண்டே இருந்தது. மக்கிப்போன மரத்தின் வாடை கொட்டகையில் நிறைந்தது.

ஜமாலுதீன் பாய் அப்போதே ரஷீத்துக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது. அது சும்மா ஈரம்தான் மாமா, போன வருஷமே ஃபைபர் வைத்து மூடிப் பெயிண்ட் அடித்துவிட்டேனே, ஒன்றும் ஆகாது என்றான். மூடினாய் என்றால் உள்ளே என்ன இருந்தது என்று பாய் கேட்டார். அவன் சுற்றி வளைத்து ஏதோ சொன்னான். சின்னத்தம்பி ஒரு திருப்புளியை எடுத்து, பிடியைப் பாயின் பக்கம் திருப்பி நீட்டினார். நீங்களே குத்திப் பாருங்கள் என்றார்.

பாய் அந்த ஓட்டையில் வைத்து அழுத்தினார். பெரிய பலம் ஒன்றும் கொடுக்கவில்லை. திருப்புளி பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

அவர் அதை வெளியே இழுக்கவில்லை. போனை அணைத்துவிட்டுக் கொட்டகைத் தூணோரம் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். இஸ்திரிச் சட்டையில் கறை படுவதைக்கூடப் பார்க்கவில்லை.

"போன ஸ்கூல் லீவுக்கு ஹாபிஸ் வந்திருந்தான்," என்றார் மெதுவாக. "பொண்டாட்டி புள்ளைங்க, என் வீட்டுக்காரி லத்தீஃபா, எல்லாரையும் இதுலதான் தீவைச் சுத்திக் காட்டிட்டு வந்தான். நான் கரையில நின்னு கையாட்டுனேன்."

சின்னத்தம்பி போல்ட்டை எடுத்து ஒரு தாளில் சுற்றி அவர் பக்கத்தில் வைத்தார். விஜயராணிக்குப் போட்டு கைவிட்டுப் போன துக்கம் ஒரு பக்கம், பாயைப் பார்த்த துக்கம் ஒரு பக்கம். அவர் தன்னை மன்னிக்க மாட்டார் என்றுதான் நினைத்தாள். ஆனால் பத்து நாள் கழித்து அவரே போன் செய்தார். போட்டை வேறு யார் தலையிலும் கட்ட மனசு வரவில்லை, ஆள் வைத்து அறுத்துப் போட்டுவிட்டேன், இன்ஜினை மட்டும் விற்றேன் என்றார். ரஷீத் வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுவிட்டது, என் தங்கச்சி, அவன் அம்மா, அழுகிறாள் என்றும் சொன்னார். அந்தச் சின்னத்தம்பியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார்.

அவள் அதை உடனே போய்ச் சொன்னாள். போனில் சொல்லியிருக்கலாம். சின்னத்தம்பி சரி என்றார்.

அடுத்த ஐந்து மாதத்தில் அவள் மேலும் இரண்டு போட்டுகளைக் கண்டுபிடித்தாள். இரண்டையும் அவர் வேண்டாம் என்றார். முதலாவதைப் பார்க்க ஒரு மணி நேரம் ஆனது. இரண்டாவதைப் பார்த்த மாத்திரத்தில் கையை விரித்தார். ஒவ்வொரு தடவையும் அவள் சாப்பாடு கட்டிக்கொண்டு போனாள், இட்லியும் நெத்திலிச் சம்பலும். அவர் தொடவில்லை. கடையில் உட்கார்ந்தால் தன் தேத்தண்ணிக்குத் தானே காசு கொடுத்தார். தள்ளித் தனி மேசையில் உட்காருவார். இடையிடையே அவள் ஏதாவது காரணம் கண்டுபிடித்துப் போனில் கூப்பிடுவாள். மிதவைச் சட்டை என்ன அளவு வாங்கலாம், நங்கூரக் கயிறு எத்தனை பாகம் நீளம் வேண்டும். அவர் எடுக்காமல் இருந்ததே இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார், வைத்துவிடுவார். கூச்ச சுபாவம், போகப் போகச் சரியாகிவிடும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நான்காவது போட்டு கோலா லிங்கியில் அகப்பட்டது. பதினாறு அடி, பெயிண்ட் வெளிறியது, பார்க்க ஒன்றும் லட்சணமில்லை. ஒரு சீனப் பெரியவர் முட்டி வலியால் விற்றார். சின்னத்தம்பி காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மத்தியானம் வரை பார்த்தார். பின்பலகையில் மூன்று போல்ட் கழற்றினார், மூன்று ஓட்டையிலும் மரம் காய்ந்திருந்தது. ஆற்றுமுகம் தாண்டிக் கடலில் ஓட்டிப் பார்த்தார். விஜயராணியும் கூடப் போனாள். ஒரு மணி நேரம் இருவரும் ஒரே போட்டில் இருந்தார்கள். இன்ஜின் சத்தத்தைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்து தாளில் எழுதிக்கொடுத்தார். பதினொரு குறைகள். அடியில் சேருகிற தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்பு மாற்ற வேண்டும், இடது பக்கக் கைப்பிடி ஆடுகிறது, இரண்டு வருஷத்தில் பெட்ரோல் டேங்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று வரிசையாக. கடைசியில், மற்றபடி எடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்து. கீழே தேதி. அவள் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"தீபாவளிக்கு வீட்டுக்கு வாங்க தம்பி," என்றாள். "பெருசா ஒண்ணும் இல்ல. நான் ஒரு ஆள்தான்."

அவர் சாமான்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வரமாட்டேன்க்கா."

தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்தாள். அவர் பையின் வாயைக் கட்டினார். இந்தத் தடவை அவளை நேராகப் பார்த்துப் பேசினார்.

"அடுத்த வருஷம் இதே போட்டைப் பாக்க என்னைக் கூப்புடுவீங்க. உங்க வீட்டுல சாப்புட்டுட்டு வந்து பாத்தா கண்ணு சரியா ஓடாதுக்கா. பரமேஸ் வீட்டுல நான் வாரா வாரம் சாப்புட்டவன்."

ஆற்றில் ஒரு மீன்பிடிப் போட்டு போயிற்று. அது கிளப்பிய அலை கரைக்கு வந்து அடங்கியது. பிறகு அவள் சொன்னாள், "செக் பண்றதுக்கு வேற ஆளை வெச்சுக்கிறேன். நீங்க சாப்பிட வாங்க."

"யாரை வெப்பீங்க?"

அவள் யோசித்தாள். அவரும் யோசித்தார். இரண்டு பேருக்கும் ஒரு பெயர்கூட வரவில்லை. சின்னத்தம்பி முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போயிற்று. அதை அவள் அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தாள். தலையை லேசாகக் குனிந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்குக்குப் போய்விட்டார்.

அவளுக்குக் கோபம் வந்தது. வீடு போய்ச் சேரும் வரைக்கும் அந்தக் கோபம் இருந்தது. சமையலறையில் நின்று தண்ணீர் குடிக்கும்போது அது போய்விட்டது. அன்றைக்குச் சூப்பர்வைசரின் சிரிப்புக்குப் பதில் சிரிப்புச் சிரிக்காமல் இருந்திருந்தால் தானும் நாற்பதையும் பார்த்திருப்போம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது. தீபாவளியன்று முறுக்கு வாங்கி வைத்தாள். தினேஷ்வரன் வீடியோவில் பேரப்பிள்ளையைக் காட்டினான். பிள்ளை வணக்கம் சொல்லிவிட்டு ஓடிவிட்டது.

போட்டை உம்பாய்க்குக் கொண்டுவந்து போட்டாள். எழுதிக்கொடுத்த பதினொன்றையும் சரி செய்தாள். இப்போது வாரத்தில் இரண்டு நாள் போகிறாள், பெரும்பாலும் தனியாக. தீவுக்கு இந்தப் பக்கமாக நங்கூரத்தைப் போட்டு இன்ஜினை அணைத்தால் தண்ணீர் போட்டின் வயிற்றைத் தட்டுகிற சத்தம் மட்டும்தான். வீட்டிலும் சத்தம் இல்லைதான். அங்கே கதவு திறக்குமா என்று காது ஒரு பக்கம் காத்துக்கொண்டே இருக்கும். கடலில் திறப்பதற்குக் கதவு இல்லை. அவள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து நிதானமாகச் சாப்பிடுவாள். மீன் கடித்தால் இழுப்பாள். சில நாள் அழுகை வரும். வந்தால் அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொள்வாள். அங்கே யாரும் பார்ப்பதில்லை.

மார்ச் மாதத்தில் ஒருநாள் காலா மீன் இரண்டோடு கரை திரும்பியபோது, ஜெட்டியின் மறுகோடியில் ட்ரெய்லரில் ஒரு சிவப்புப் போட்டு நின்றது. அதன் பக்கத்தில் ஒரு இளம் தம்பதி, கையில் குழந்தை. சின்னத்தம்பி குனிந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். காற்று அந்தப் பக்கமிருந்து வீசியதால் தட்டுகிற சத்தம் அவளுக்கு நன்றாகவே கேட்டது.

அவர் நிமிர்ந்தபோது அவளைப் பார்த்தார். ஒரு கணம் சுத்தியலோடு கையைத் தூக்கினார். அவளும் தூக்கினாள். போட்டை விற்கிறவன் அவர்களுக்கு நடுவில் நின்று, யாரது என்று திரும்பிப் பார்த்தான். அவர் கண் வேலையிலேயே இருக்கட்டும் என்று விஜயராணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். குழாயைத் திறந்து, போட்டில் படிந்திருந்த உப்பைக் கழுவ ஆரம்பித்தாள்.